மண், மணல், பாறை, இலை: வெப்ப உமிழ்திறனைக் களத்தில் அளப்பது எப்படி?

ஒரே வெப்பநிலையில் இருக்கும் இரண்டு பரப்புகள் மீது ஐஆர் (அகச்சிவப்பு) தெர்மாமீட்டரை நீட்டினால் இரண்டு வெவ்வேறு எண்கள் வரலாம். கருவியில் கோளாறு இல்லை. அது வெப்பநிலையை நேரடியாக அளப்பதே இல்லை. பரப்பிலிருந்து வரும் வெப்ப அகச்சிவப்புக் கதிர்வீச்சை வாங்கிக்கொண்டு, இதற்கு ஈடான வெப்பநிலை இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படையான எண்தான் உமிழ்திறன், அதாவது எமிசிவிட்டி.

அதே வெப்பநிலையில் ஒரு முழுக் கரும்பொருள், அதாவது மேலே விழும் கதிரையெல்லாம் உறிஞ்சி அதிகபட்சம் உமிழும் கற்பனைப் பொருள், எவ்வளவு உமிழுமோ, அதில் எத்தனை பங்கை இந்தப் பரப்பு உமிழ்கிறது என்பதே உமிழ்திறன். 0 முதல் 1 வரை போகும். 8 முதல் 14 மைக்ரான் அலைநீளப் பட்டையில் நீருக்கு 0.98 முதல் 0.99 வரை, அடர்ந்த பயிருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. உலர்ந்த மண் பெரும்பாலும் 0.92க்கும் 0.97க்கும் இடையில் நிற்கும். பளபளப்பான அலுமினியத் தகடு 0.05ஐத் தாண்டினாலே அதிகம்.

செயற்கைக்கோள் படத்திலிருந்து நில வெப்பநிலை எடுப்பவர்களுக்கு இந்த எண் பெரிய தலைவலி. உமிழ்திறனில் 0.01 பிசகினால் வெப்பநிலையில் ஏறக்குறைய அரை டிகிரி பிசகும். நம் ஊர் மாணவர்களின் ஆய்வறிக்கைகளில் 0.004, 0.986 என்ற இரண்டு எண்களை அடிக்கடி பார்க்கலாம். ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழகக் குழு 2004இல் லேண்ட்சாட் 5 செயற்கைக்கோளுக்காகக் கொடுத்த, செடி மூடிய பங்கிலிருந்து உமிழ்திறனைக் கணிக்கும் சூத்திரத்தில் வருபவை அவை. அதில் மண்ணின் உமிழ்திறன் 0.97, செடியின் உமிழ்திறன் 0.99 என்று வைத்துக்கொண்டார்கள். உங்கள் ஊர் மண் 0.97தானா என்று யாரும் கேட்பதில்லை. நேரில் போய் அளந்தால்தான் தெரியும்.

கருவி உண்மையில் எதைப் பார்க்கிறது

ஒளி ஊடுருவாத பரப்பு எதுவானாலும் ஒரு விதி உண்டு: அது உமிழாத பங்கு அளவுக்கு எதிரொளிக்கும். கிர்க்காஃப் சொன்ன விதியின் நடைமுறை வடிவம் இது. உமிழ்திறன் 0.93 என்றால், மேலிருந்து விழும் வெப்பக் கதிர்வீச்சில் 0.07 பங்கு திரும்பி வரும். ஆகவே கருவி காண்பது இரண்டின் கூட்டு:

கருவி காணும் அளவு = உமிழ்திறன் × பரப்பின் வெப்பநிலையில் கரும்பொருள் அளவு + (1 − உமிழ்திறன்) × வானிலிருந்து விழும் அளவு

இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டிய சூத்திரம் கிடைக்கிறது:

உமிழ்திறன் = (கருவி காணும் அளவு − வான் அளவு) ÷ (கரும்பொருள் அளவு − வான் அளவு)

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வான் அளவும் பரப்பின் அளவும் ஒன்றாகிவிட்டால் மேலும் பூஜ்யம், கீழும் பூஜ்யம். மேகம் மூடிய புழுக்கமான இரவில் திறந்த வெளியில் எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தாலும் உமிழ்திறன் வராது என்பதற்கு இதுதான் காரணம். வானம் மண்ணைவிட எவ்வளவுக்கெவ்வளவு குளிர்ந்து இருக்கிறதோ, அவ்வளவுக்கு முடிவு நன்றாக வரும். மண்ணை அளக்கப் போகிறோம் என்று கிளம்பினாலும் வேலையில் பாதி வானத்தை அளப்பதுதான்.

சூரியன் தொந்தரவு செய்யாதா என்று கேட்கலாம். 8 முதல் 14 மைக்ரானில் சூரியக் கதிரின் எதிரொளிப்பு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. 3 முதல் 5 மைக்ரானில் அப்படி விட முடியாது. ஆனால் சூரியன் பரப்பைச் சூடாக்குகிறது, காற்று வீசியதும் அது குளிர்கிறது, நொடிக்கு நொடி வெப்பநிலை ஆடுகிறது. நம்மைத் திணறடிப்பது அந்த ஆட்டம்தான்.

கையில் என்னென்ன வேண்டும்

உமிழ்திறனை 1.00 என்று வைக்க முடிகிற, 8 முதல் 14 மைக்ரான் பட்டையில் வேலை செய்கிற ஐஆர் தெர்மாமீட்டர் அல்லது ரேடியோமீட்டர் (கதிர்வீச்சு அளக்கும் கருவி) ஒன்று. மலிவான, துப்பாக்கி வடிவக் கன் வகைகள் ஒன்றரை டிகிரி வரை பிசகக்கூடும். அதில் பழகலாம், வெளியிடும் தரத்தில் எண் எடுக்க முடியாது. ஏபோஜி, ஹைட்ரோனிக்ஸ் போன்ற ரேடியோமீட்டர்கள் இந்த வேலைக்கென்றே பலர் வைத்திருப்பவை. மைனஸ் 50 வரையாவது அளக்க வேண்டும். இல்லாவிட்டால் வானத்தை நோக்கித் திருப்பியதும் எண்ணுக்குப் பதில் எல்லை தாண்டியது என்ற அறிவிப்புதான் வரும்.

சில கன்களில் உமிழ்திறன் 0.95 என்று மாற்ற முடியாதபடி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டதுதான் கையில் இருக்கிறது என்றால், திரையில் காட்டும் எண்ணைப் பின்னோக்கிக் கணக்கிட்டு உண்மையான அளவை மீட்க வேண்டும். பெரும்பாலும் கருவி தன் உள் வெப்பநிலையையே சுற்றுப்புற எதிரொளிப்பாக எடுத்துக்கொள்ளும். கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறும். எனவே திரை எண்ணின் நான்காம் படியில் 0.95 பங்கும் கருவி வெப்பநிலையின் நான்காம் படியில் 0.05 பங்கும் சேர்த்தால் கருவி உண்மையில் கண்ட அளவு கிடைக்கும். இரண்டும் கெல்வினில் இருக்க வேண்டும். முடிந்தால் வேறு கருவி வாங்கிவிடுவது நல்லது.

அப்புறம் சமையலறை அலுமினியத் தாள், அட்டை, கறுப்பு மின்காப்பு டேப், நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஐஸ் போட்டு வைக்க ஒரு ஃபிளாஸ்க், மென்மையான பருத்தித் துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மண் மாதிரி எடுக்க மூடியுள்ள டப்பா. பெட்டி முறைக்குப் போவதாக இருந்தால் பெட்டி செய்ய வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

படி 1: கருவியைச் சரிபார்த்தல்

களத்துக்குப் போனதும் முதல் அரை மணி நேரம் கருவியை நிழலில் சும்மா வையுங்கள். ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்த கருவி சுற்றுப்புற வெப்பநிலைக்கு வரும்வரை தப்பாகவே காட்டும். அளக்கும்போதும் வெயிலில் பிடிக்கக் கூடாது.

காய்ச்சி வடித்த நீரில் பொடித்த ஐஸ் போட்டுக் கூழாக்கி, நன்றாகக் கலக்கி, ஐஸ் ஒதுங்கிய இடத்தில் மேலிருந்து நேராகப் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும். அடுத்து 40 டிகிரி போன்ற வெதுவெதுப்பான நீரைக் கலக்கிக்கொண்டே தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். கொதிநீர் வேண்டாம், ஆவி பார்வையை மறைக்கும். இரண்டையும் நிழலில், கூரைக்குக் கீழே செய்வது நல்லது. கூரையின் வெப்பநிலை நீரோடு பெரிதாக வேறுபடாததால் எதிரொளிப்புப் பிழை குறையும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் காட்டினால் கழித்துக்கொள்ளலாம். தினமும் ஆரம்பத்திலும் முடிவிலும் இதைச் செய்யுங்கள்.

புள்ளி அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 12க்கு 1 என்று போட்டிருந்தால், 12 சென்டிமீட்டர் தூரத்தில் கருவி பார்ப்பது ஒரு சென்டிமீட்டர் வட்டம். அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்தும் கொஞ்சம் கதிர் உள்ளே வரும். அதனால் அளக்கும் பரப்பு அந்த வட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

படி 2: வானத்தை அளத்தல்

நேர் உச்சியைப் பார்த்து ஓர் எண் எடுத்தால் போதாது. பரப்பின் மீது வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கதிர் விழுகிறது. உச்சி மிகவும் குளிர்ந்து காட்டும். தொடுவானத்தை நெருங்க நெருங்கக் காற்றுப் படலம் தடித்துச் சூடாகக் காட்டும். இதற்கு ஒரு பழைய வழி உண்டு. உச்சியிலிருந்து 53 டிகிரி சாய்த்துப் பார்த்தால், மொத்த வானத்தின் சராசரிக்கு மிக அருகில் வரும். நமீபியாவில் கோபாபெப் என்ற இடத்தில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகம் செயற்கைக்கோள் நில வெப்பநிலையைச் சரிபார்க்க ஒரு நிலையம் நடத்துகிறது. அங்கும் வானத்தைப் பார்க்கும் ரேடியோமீட்டரை இதே 53 டிகிரியில்தான் பொருத்தியிருக்கிறார்கள். கையால் அளக்கும்போது நான்கு திசைகளிலும் அதே சாய்வில் எடுத்துச் சராசரி போடுங்கள். பகலில் கருவியின் கண் சூரியனைப் பார்த்துவிடக் கூடாது.

இன்னொரு வழி, அலுமினியத் தாள். நன்றாகக் கசக்கி, மறுபடி விரித்து, அட்டையில் சுற்றி, அளக்கப்போகும் பரப்பு இருக்கும் அதே இடத்தில் படுக்க வையுங்கள். கசங்கல்கள் எல்லாத் திசையிலிருந்தும் வரும் கதிரைக் கலந்து திருப்பும். பக்கத்து மரம், சுவர், உங்கள் உடல் எல்லாம் சேர்த்து அந்த இடத்தில் விழுவது எதுவோ அது கிடைக்கும். 53 டிகிரி முறையில் இது கிடைக்காது. ஆனால் தாளும் கொஞ்சம் உமிழும். தாள் 30 டிகிரியிலும் அதன் உமிழ்திறன் 0.04 ஆகவும் இருந்தால், மைனஸ் 25 டிகிரி வானத்தை அது மைனஸ் 22 என்று காட்டும். தாளின் வெப்பநிலையைக் குறித்துவைத்தால் அதைத் திருத்திவிடலாம். வசதி உள்ள ஆய்வகங்கள் தங்கம் பூசிய சொரசொரப்புத் தகடு வைத்திருப்பார்கள். செய்வது இதே வேலைதான்.

வறண்ட பாலைவனத்தில் தெளிந்த வானம் மைனஸ் 40க்கும் கீழே போகும். ஈரக் காற்றுள்ள கடற்கரையில் அதே தெளிந்த வானம் எவ்வளவோ சூடாகக் காட்டும். ஒரு மேகத் துண்டு கடந்தாலும் எண் தாவிவிடும். ஆகவே வான் அளவை ஒருமுறை எடுத்து நாள் முழுக்க வைத்துக்கொள்வது கூடாது. ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். முன்னதும் பின்னதும் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் மாறியிருந்தால் அந்தத் தொகுப்பைத் தூக்கிப் போடுங்கள்.

படி 3: நேரமும் இடமும்

தெளிந்த வானம், காற்று குறைவு, பரப்பின் வெப்பநிலை நிதானமாக மாறும் நேரம். இந்த மூன்றும் சேர்வது பெரும்பாலும் சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து. விடியற்காலையும் அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் பனி விழுந்திருந்தால் நீங்கள் அளப்பது மண்ணை அல்ல, அதன் மேல் நிற்கும் நீர்ப் படலத்தை. விரலால் தொட்டுப் பார்த்து ஈரம் பட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாலைக்கு வாருங்கள்.

சுவர், மரம், நிறுத்திய வண்டி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. நீங்களே 30 டிகிரிக்கு மேல் வெப்பம் வீசும் பொருள். கையை நீட்டி அளந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். முக்காலியில் பொருத்தினால் இன்னும் நல்லது. கருவி கூடுமானவரை நேர் கீழே பார்க்கட்டும். சாய்த்துப் பார்த்தால் உமிழ்திறன் குறையும். நீர்ப் பரப்பில் 50 டிகிரி சாய்வைத் தாண்டியதும் அந்தக் குறைவு வேகமாகும்.

படி 4: பரப்பின் உண்மை அளவை எடுத்தல்

சூத்திரத்தில் இருக்கும் கரும்பொருள் அளவு எங்கிருந்து வரும்? ஒரு தெர்மோகப்பிளை (வெப்பநிலை உணரும் மெல்லிய கம்பியை) மண்ணில் செருகிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வோம். உலர்ந்த மணலில் மேற்பரப்புக்கும் சில மில்லிமீட்டர் கீழுக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கும். கருவி பார்ப்பது மேல் தோலை மட்டும். செருகிய கம்பி சொல்வது உள்ளே இருப்பதை. நன்றாகக் கலக்கிய நீர் தவிர வேறெதிலும் தொட்டு அளப்பதை நான் நம்புவதில்லை. இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு.

பாறைக்கு டேப் முறை. தூசு துடைத்த பாறையில் கறுப்பு மின்காப்பு டேப்பைக் காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டுங்கள். அதன் உமிழ்திறன் ஏறக்குறைய 0.95. சில நிமிடங்களில் டேப் பாறையின் வெப்பநிலைக்கு வந்துவிடும். டேப்பையும் பக்கத்துப் பாறையையும் மாற்றி மாற்றி அளந்து, இரண்டிலிருந்தும் வான் அளவைக் கழித்து, பாறை எண்ணை டேப் எண்ணால் வகுத்து 0.95ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது. வெயிலில் இது ஆகாது, டேப் தனியாகச் சூடாகிவிடும். மணலுக்கும் இலைக்கும் இது உதவாது.

ஒற்றை மூடிப் பெட்டி. அடி இல்லாத ஒரு பெட்டி. உட்சுவர்கள் பளபளப்பான அலுமினியம். மேல்மூடியின் உட்புறமும் அதே. மூடியின் நடுவில் கருவியின் கண் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை. இந்தப் பெட்டியை மண் மீது கவிழ்த்தால் வானம் மறைந்துவிடுகிறது. மண் உமிழ்வது சுவர்களில் பட்டுப் பட்டு மண்ணுக்கே திரும்பி, மறுபடி எதிரொளித்து, கடைசியில் துளை வழியாக வெளிவருவது கரும்பொருள் அளவுக்குச் சமமாகிறது. தெர்மாமீட்டர் தேவையில்லை! பரப்பின் கதிர்வீச்சே தன் வெப்பநிலையைச் சொல்லிவிடுகிறது. பெட்டியால் உமிழ்திறன் அளக்கும் யோசனைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பியூட்னரும் கெர்னும் 1965இல் நில, நீர்ப் பரப்புகளை இப்படி அளந்து வெளியிட்டார்கள்.

செய்வதற்கு பிளைவுட் அல்லது கெட்டித் தெர்மோகோல் போதும். உள்ளே ஒட்டுவதற்குச் சமையலறைத் தாளைவிடப் பளபளப்பான தகடு நல்லது. உயரம் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். வெளிப்புறம் வெள்ளைப் பெயின்ட். சுவர் சூடானால் அதுவும் கொஞ்சம் உமிழ ஆரம்பித்துவிடும். கருவியின் புள்ளி சுவரில் படாமல் மண்ணில் மட்டும் விழுகிறதா என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அளக்கும் வரிசை இது. முதலில் வான் அளவு. அடுத்து பெட்டி இல்லாமல் பரப்பு. பெட்டியைக் கவிழ்த்து, அடி விளிம்பைச் சுற்றி மண்ணை ஒதுக்கி இடைவெளியை அடைத்து, சில நொடிகளுக்குள் துளை வழியாக எண் எடுங்கள். பெட்டியைத் தூக்கி மறுபடி திறந்த அளவு. கடைசியில் மறுபடி வான் அளவு. வேகம் முக்கியம். பெட்டியைக் கவிழ்த்த கணத்திலிருந்து பரப்பின் வெப்பநிலை மாறத் தொடங்குகிறது. திறந்த அளவை முன்னும் பின்னும் எடுத்துச் சராசரி போடுவது அதற்காகத்தான். ஓர் இடத்தில் பத்து சுற்று, பிறகு பெட்டியை நகர்த்தி ஐந்து இடங்களிலாவது. மண் இடத்துக்கு இடம் மாறும். ஒரே குழியில் நூறு முறை அளந்து கிடைக்கும் துல்லியத்துக்குப் பொருள் இல்லை.

இரட்டை மூடிப் பெட்டி. வானம் ஒத்துழைக்காத நாட்களுக்கு இது. வலென்சியாவின் சோப்ரினோ, காசெய்யஸ் இருவரும் 1993இல் இந்த முறையை விரிவாக எழுதினார்கள். பெட்டி அதேதான், மூடி மட்டும் இரண்டு. ஒன்று குளிர் மூடி, உட்புறம் அலுமினியம். இன்னொன்று சூடான மூடி. அதன் உட்புறம் சொரசொரப்பாக, மங்கலான கறுப்புப் பெயின்ட் பூசி, பின்னால் வெப்பத் தகடு வைத்து 60 டிகிரி வரை சூடாக்கியது. மண்ணைவிட 20 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். குளிர்ந்த வானத்துக்குப் பதில் சூடான கூரையை நாமே கொண்டுபோகிறோம், அவ்வளவுதான் விஷயம்.

மூன்று அளவுகள்:
முதல் அளவு: கீழே மண், மேலே சூடான மூடி.
இரண்டாம் அளவு: கீழே மண், மேலே குளிர் மூடி.
மூன்றாம் அளவு: கீழே மண்ணுக்குப் பதில் அலுமினியத் தகடு, மேலே சூடான மூடி.

உமிழ்திறன் = (மூன்றாம் அளவு − முதல் அளவு) ÷ (மூன்றாம் அளவு − இரண்டாம் அளவு)

சூடான மூடி மண்ணையும் மெல்லச் சூடாக்கும். அதனால் குளிர், சூடு, மறுபடி குளிர் என்று சீக்கிரமாக மாற்றி அளந்து, இரண்டு குளிர் அளவுகளின் சராசரியை எடுங்கள். ஈரமண்ணில் மூடி அதிக நேரம் இருந்தால் ஆவி சுவரில் படிந்து பளபளப்பு போய்விடும். நீர்ப் படலம் பூத்த அலுமினியம் வெப்ப அகச்சிவப்பில் கண்ணாடி அல்ல, நல்ல உமிழி. துணியால் துடைத்து, ஆல்கஹால் போட்டு, காய்ந்த பிறகே அடுத்த சுற்று.

அலுமினியம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் முழுக் கண்ணாடி அல்ல. துளை வழியாகவும் கொஞ்சம் தப்பிப்போகும். மேலும் கீழும் குளிர் மூடி வைத்து நான்காவதாக ஓர் அளவு எடுத்து இதைத் திருத்துவார்கள். பரப்பின் உமிழ்திறன் குறையக் குறைய இந்தத் திருத்தம் பெரிதாகும். உங்கள் பெட்டி தேறுமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: ஒரு தட்டு நீரை வைத்து அளவெடுங்கள். 0.98க்கும் 0.99க்கும் இடையில் வரவில்லை என்றால் பெட்டியைச் சரிசெய்யாமல் களத்துக்குப் போக வேண்டாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உலர்ந்த மணல், ஒற்றை மூடிப் பெட்டி. கருவியில் உமிழ்திறன் 1.00. திறந்த அளவு 34.5 டிகிரி, மூடிய அளவு 38.0, வானம் மைனஸ் 25 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் டிகிரியை அப்படியே போடக் கூடாது, கதிர்வீச்சாக மாற்ற வேண்டும். எளிய வழி, கெல்வினில் நான்காம் படி.

34.5 டிகிரி = 307.65 கெல்வின், நான்காம் படி 895.8 கோடி.
38.0 டிகிரி = 311.15 கெல்வின்; நான்காம் படி 937.3 கோடி.
மைனஸ் 25 டிகிரி = 248.15 கெல்வின், நான்காம் படி 379.2 கோடி.

உமிழ்திறன் = (895.8 − 379.2) ÷ (937.3 − 379.2) = 516.6 ÷ 558.1 = 0.926

நான்காம் படி என்பது எல்லா அலைநீளத்துக்கும் சேர்த்த விதி. நம் கருவி பார்ப்பதோ ஒரு பட்டையை. சரியாகச் செய்ய வேண்டுமானால், கரும்பொருள் எந்த அலைநீளத்தில் எவ்வளவு உமிழும் என்று சொல்லும் பிளாங்க் விதியைக் கருவியின் பட்டைக்குப் பொருத்தி, மைனஸ் 60 முதல் 80 டிகிரி வரை ஓர் அட்டவணையை எக்செலில் ஒருமுறை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள எண்களை 10.6 மைக்ரான் என்ற ஒற்றை அலைநீளத்தில் பிளாங்க் விதிப்படி போட்டால் 0.927 வருகிறது. இந்த எடுத்துக்காட்டில் பெரிய வித்தியாசமில்லை.

இப்போது பிழைகளை விளையாட விடுவோம். வானத்தையே மறந்துவிட்டு, திறந்த அளவை மூடிய அளவால் வகுத்தால் 0.956 வரும். வானத்தை அளந்தோம், ஆனால் மைனஸ் 25க்குப் பதில் மைனஸ் 5 என்று எடுத்துவிட்டோம் என்றால் 0.901. திறந்த அளவில் அரை டிகிரி தப்பினால் 0.01 போகும். திறந்த அளவையும் மூடிய அளவையும் ஒரே கருவியால் எடுப்பதில் ஒரு லாபம் இருக்கிறது: கருவி எப்போதும் ஒரு டிகிரி கூட்டிக் காட்டினாலும் இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறுவதால் முடிவு பெரிதாகக் கெடாது. தெர்மோகப்பிளும் ஐஆர் கருவியும் கலந்து அளந்தால் அந்த லாபம் போய்விடும்.

இரட்டை மூடிக்கும் ஒரு எடுத்துக்காட்டு: முதல் அளவு 33.6 டிகிரி, இரண்டாவது 32.0, மூன்றாவது 60.0. இதே மாதிரி நான்காம் படி போட்டால் 0.95. சூடான மூடி மண்ணின் எண்ணை ஒன்றரை டிகிரிதான் உயர்த்துகிறது என்பதைப் பாருங்கள். அந்த ஒன்றரை டிகிரியில்தான் முழு விடையும் இருக்கிறது. 0.1 டிகிரி பிரித்துக் காட்டாத கருவியோடு இதில் இறங்காதீர்கள்.

பரப்புக்குப் பரப்பு

மணலில் பெட்டி விளிம்பு புதையும்போது மேற்பரப்பு கலைந்து, கீழே இருக்கும் ஈரமும் வேறு வெப்பமும் மேலே வரும். முதல் முறை மெதுவாக வைத்து அதே தடத்தில் திரும்பத் திரும்ப வையுங்கள். களிமண் பொருக்குகளைக் கால் படாமல் அணுகுங்கள். உடைந்த பொருக்கின் சொரசொரப்பு வேறு, உமிழ்திறனும் வேறு.

மண்ணை அளந்த உடனே மேல் ஒரு சென்டிமீட்டரைச் சுரண்டி டப்பாவில் மூடி எடையிட்டு, 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி எடையிடுங்கள். ஈரம் ஏற ஏற உமிழ்திறன் ஏறும், மணற்பாங்கான மண்ணில் மிக அதிகமாக. ஈர அளவு குறிக்காத மண் உமிழ்திறனை இன்னொருவர் பயன்படுத்த வழியே இல்லை.

ஒற்றை இலையும் பயிர்க்கூட்டமும் ஒன்றல்ல. இலைகளுக்கு நடுவே கதிர் பட்டுப் பட்டு வெளிவருவதால், பெட்டி செய்யும் வேலையை ஓரளவு பயிரே செய்துவிடுகிறது. பயிர்க்கூட்டத்தின் உமிழ்திறன் தனி இலையைவிடக் கூடுதலாக வருவது அதனால்தான். புல்தரையில் பெட்டி விளிம்பு சரியாக உட்காராது. அலுமினியத் தாளில் ஒரு பாவாடை கட்டி இடைவெளியை மூடுங்கள்.

எந்தப் பட்டைக்கு அளந்தீர்கள்?

குவார்ட்ஸ் மணலை 8 முதல் 14 மைக்ரான் கருவியால் அளந்து 0.93 என்று எழுதிக்கொண்டு வந்தால், அந்த எண் உண்மையில் பல எண்களின் சராசரி. சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பின் அதிர்வால் குவார்ட்ஸ் 8 முதல் 9.5 மைக்ரான் வரை பலமாக எதிரொளிக்கிறது. அங்கே மணல்மேட்டின் உமிழ்திறன் 0.8க்குப் பக்கத்திலும் சிலசமயம் அதற்குக் கீழும் இறங்கும். 10.5 மைக்ரானைத் தாண்டியதும் 0.95க்கு மேல் ஏறிவிடும். லேண்ட்சாட் 8இன் பத்தாவது பட்டை பார்ப்பது 10.6 முதல் 11.19 மைக்ரான் வரை மட்டுமே. உங்கள் 0.93ஐ அதில் போட்டால், நேரில் போய் அளந்த எண்ணே படத்தைக் கெடுக்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள வெண்மணல் பரப்பு ஜிப்சத்தால் ஆனது. அதன் உமிழ்திறன் பள்ளம்போல் இறங்குவது 8.6 மைக்ரான் அருகே. டெரா செயற்கைக்கோளில் 1999இல் ஏவப்பட்ட ஆஸ்டர் கருவிக்கு வெப்ப அகச்சிவப்பில் ஐந்து பட்டைகள் இருப்பதால் இப்படிப்பட்ட பள்ளங்களை அதனால் பிரித்துப் பார்க்க முடிந்தது. அதன் முடிவுகளைத் தரையில் சரிபார்க்க அந்த வெண்மணலைத் தேர்ந்தெடுத்ததிலும் வியப்பில்லை.

பட்டை வாரியாக அளக்க இரண்டு வழி. ஒன்று, சிமெல் போன்ற பல வடிகட்டிகள் கொண்ட ரேடியோமீட்டர்; பெட்டி முறை அப்படியே பொருந்தும், ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இன்னொன்று, கதிரை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் காட்டும், தூக்கிச் செல்லக்கூடிய ஃபூரியே நிறமாலைமானி. அதில் பெட்டிகூட வேண்டாம். வானத்தின் கதிர்வீச்சில் நீராவி, ஓசோன் வரிகள் கூர்மையாக நிற்கும். இயற்கைப் பரப்பின் உமிழ்திறன் வளைவோ வழவழப்பானது. மண்ணின் வெப்பநிலையைத் தப்பாக ஊகித்தால் வானத்தின் வரிகள் உமிழ்திறன் வளைவில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். முள் மறையும்வரை வெப்பநிலையை மாற்றிப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. சாதனத்தின் விலையும், பலவற்றுக்குத் தேவைப்படும் திரவ நைட்ரஜனும்தான் தடை.

இந்த இரண்டுமே இல்லையென்றால், பெட்டியால் எடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் கருவியின் பட்டையை எழுதிவிடுங்கள். அதே மண்ணை உலர்த்தி ஓர் ஆய்வகத்தில் எதிரொளிப்பு நிறமாலை எடுக்க முடிந்தால், 1இலிருந்து கழித்து, உங்கள் கருவியின் பட்டைக்குச் சராசரி போட்டுக் களத்து எண்ணோடு ஒப்பிடலாம். அரைக்கோளம் முழுக்கச் சேர்த்து அளந்த எதிரொளிப்பாக இருந்தால் மட்டுமே இப்படிக் கழிக்கலாம். ஆய்வக மாதிரி உலர்ந்தது, கலைந்தது. களத்தில் இருப்பது பொருக்கும் ஈரமும் உள்ளது. இரண்டும் 0.01க்குள் ஒத்துப்போனால் நல்ல வேலை.

ஒப்பிட இலவசமாகக் கிடைக்கும் தரவும் உண்டு. ஆஸ்டர் 2000 முதல் 2008 வரை எடுத்த படங்களைச் சேர்த்து நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 100 மீட்டர் அளவில் உலக உமிழ்திறன் தொகுப்பு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. உங்கள் இடத்தின் எண்ணை அதில் எடுத்துப் பாருங்கள். அது பத்தாயிரம் சதுர மீட்டரின் பல ஆண்டுச் சராசரி. உங்களுடையது பெட்டி அடைக்கும் ஒரு துண்டு நிலம், ஒரு மாலை. இடையில் செடி முளைத்திருக்கும், மழை பெய்திருக்கும். எனவே வித்தியாசம் வந்தால் உடனே யார் சரி என்று சண்டைக்குப் போகாமல், பரப்பு எவ்வளவு தூரம் ஒரே மாதிரி இருக்கிறது என்று நடந்து பாருங்கள்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, கருவியின் பெயரும் பட்டையும், ஐஸ் சோதனையின் எண், முன் வான் அளவு, பின் வான் அளவு, மேக நிலை, காற்று, காற்றின் ஈரப்பதம், பரப்பின் புகைப்படம், மண் ஈரம், ஒவ்வொரு சுற்றின் எண்ணும் தனித்தனியாக. சராசரியை மட்டும் எழுதி மூல எண்களை விட்டுவிடாதீர்கள். வானம் எந்தச் சுற்றில் மாறியது என்பது வீட்டுக்கு வந்து அந்த எண்களை வரைந்து பார்க்கும்போதுதான் தெரியும்.